விற்காத நாளின் செலவு யாருடையது: தெளிவற்ற விற்பனை வேலை அழைப்புகளை ஆராய்தல்

தமிழ்நாட்டின் பேருந்து நிலையச் சுவர்களிலும், நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதியிலும், அண்மைக் காலமாக வாட்ஸப் குழுக்களிலும் காணப்படும் ஒருவகை வேலை அறிவிப்புக்கு ஏறத்தாழ மாறாத வடிவம் ஒன்று உண்டு. ஆண், பெண் இருபாலரும் தேவை, பத்தாம் வகுப்பு முதல் டிகிரி வரை, அனுபவம் தேவையில்லை, மாதம் 18,000 முதல் 35,000 வரை, தங்குமிடமும் உணவும் இலவசம், உடனே தொடர்பு கொள்ளவும் என்று அது சொல்லும். கீழே ஒரு கைபேசி எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை அழைத்து வேலை என்னவென்று கேட்பவருக்கு 'மார்க்கெட்டிங்' என்றோ 'பிசினஸ் டெவலப்மென்ட்' என்றோ பதில் வரும். விற்கப்படும் பொருள் எது, அதை வாங்குபவர் யார், சொல்லப்படும் தொகையில் விற்றாலும் விற்காவிட்டாலும் கிடைக்கும் பகுதி எவ்வளவு, சம்பளம் எந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும் என்ற நான்கு கேள்விகளுக்கும் 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்பதே விடையாக அமையும். இத்தகைய அழைப்புகளில் எது உண்மையான வேலை, எது வேலையின் பெயரில் வரும் கண்ணி என்பதைப் பிரித்தறியும் வழிகளையே இக்கட்டுரை ஆராய்கிறது.

தெளிவின்மை மட்டுமே மோசடிக்குச் சான்றாகிவிடாது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஆள்சேர்ப்பு முகவர்கள், அதாவது பேச்சுவழக்கில் 'கன்சல்டன்சி' எனப்படுவோர், தம்மை விலக்கிவிட்டு விண்ணப்பதாரர் நேராக நிறுவனத்திடம் போய்விடக்கூடும் என்ற அச்சத்தில் நிறுவனத்தின் பெயரை மறைப்பது வழக்கம். ஒரு மாவட்டத் தலைநகரில் சோப்பும் பிஸ்கட்டும் மொத்தமாக எடுத்துக் கடைகளுக்கு வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு விளம்பரம் எழுதும் பழக்கம் இருக்காது. அவர் 'சேல்ஸ் ஆள் தேவை' என்று மூன்று சொற்களில் முடித்துக்கொள்வார். ஆனால் இவ்விருவரிடமும் நேரில் கேட்டால் சில நிமிடங்களில் விவரம் முழுவதும் கிடைத்துவிடும். ஆகவே அறிவிப்பு எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதைவிட, கேள்வி கேட்ட பிறகும் அந்த மங்கல் நீடிக்கிறதா என்பதே ஆராயத் தக்கது.

கேட்ட பிறகும் நீடிக்கும் மங்கலுக்குப் பொருளியலில் விளக்கம் உண்டு. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமற்ற சரக்கு தரமான சரக்கை விரட்டிவிடும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிய கட்டுரையில் காட்டினார். அவரும் மைக்கேல் ஸ்பென்ஸும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இத்துறை ஆய்வுகளுக்காகவே. வேலைச் சந்தையில் இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு இரட்டிப்பாகிறது. விண்ணப்பதாரர் தம் சான்றிதழ், ஆதார், குடும்ப நிலை அனைத்தையும் திறந்து வைக்க, எதிர்ப்பக்கத்தவர் எதையும் திறப்பதில்லை. இதைவிடக் கூர்மையான விளக்கம் ஒன்றை, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் மின்னஞ்சல் மோசடிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முன்வைத்தார். நம்பத்தகாத கதையை மோசடிக்காரர்கள் மாற்றாமல் சொல்லிக்கொண்டிருப்பது அறியாமையால் அன்று. சந்தேகப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிப்போக, எளிதில் நம்புபவர்கள் மட்டும் எஞ்சினால் அவர்களுக்கு நேரமும் உழைப்பும் மிச்சமாகிறது என்பது அவர் வாதம். தெளிவற்ற வேலை அழைப்புக்கும் இது பொருந்துகிறது. நான்கு கேள்வி கேட்பவர் வராமல் இருப்பதே அழைப்பவருக்கு வசதி. வேலையின் தேவை மிகுந்து, கேட்கத் தயங்கி, பேருந்துக்குக் காசு செலவழித்து வந்து நிற்பவரே அவருக்கு வேண்டியவர்.

அப்படியானால் ஆராய வேண்டிய மையக் கேள்வி எது? விற்பனைத் தொழிலில் ஒன்றும் விற்காத நாள்கள் இருந்தே தீரும். மழையும், மாதக் கடைசியும், பண்டிகைக்கு அடுத்த வாரமும் எந்தத் திறமைசாலியையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பும். அந்த நாளின் செலவை, அதாவது உழைத்த நேரத்தையும் பெட்ரோலையும் சாப்பாட்டையும், யார் ஏற்கிறார் என்ற ஒரே கேள்வியைக் கொண்டு பெரும்பாலான அழைப்புகளை இனம் பிரித்துவிடலாம். அதை நிறுவனம் ஏற்றால் அது வேலை. விற்பவரே ஏற்றால், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், அது அவர் சொந்தப் பொறுப்பில் நடத்தும் வியாபாரம். அச்செலவை அடுத்து வந்து சேரும் புதியவரின் பணத்தைக் கொண்டு ஈடுகட்டும் ஏற்பாடாக இருந்தால் அது வேலையும் அன்று, வியாபாரமும் அன்று.

முதல் வகையிலும் ஏற்றத்தாழ்வுகள் உண்டு. பெரிய நுகர்பொருள் நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி எடுக்கப்படும் விற்பனையாளர் உண்மையில் அந்நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம். அதைத் தொழிலில் இருப்போர் 'கம்பெனி ரோல்' என்பர். ஆனால் அவரை டிஸ்ட்ரிபியூட்டரோ, ஆட்களை வழங்கும் இடைநிலை நிறுவனமோ சம்பளத்துக்கு வைத்திருப்பதே பரவலான நடைமுறை. இதில் ஏமாற்று இல்லை, ஆயினும் பி.எஃப்., விடுப்பு, பணி உயர்வு எல்லாம் யாருடைய ஊழியர் என்பதைப் பொறுத்தே அமைவதால் இதைத் தொடக்கத்திலேயே கேட்டறிய வேண்டும். மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளை, அதாவது மெடிக்கல் ரெப்களை, மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம், நியமனக் கடிதம் வழங்குவதை வேலை கொடுப்பவரின் கடமையாக்கியது. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இக்கடமையை ஊழியர் அனைவருக்கும் விரித்திருக்கிறது. ஆகவே 'மூன்று மாதம் வேலை செய்து காட்டுங்கள், பிறகு ஆர்டர் தருகிறோம்' என்பது சட்டம் அறியாத பேச்சு.

இரண்டாம் வகையான, முழுவதும் கமிஷனை நம்பிய ஏற்பாடு சட்டத்துக்கு மாறானதன்று. அது வேலையாக வேடமிட்டு வரும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. வீடு வீடாகச் சென்று 12,000 ரூபாய் விலையுள்ள தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கும் ஒருவருக்கு ஒன்றுக்கு 1,000 ரூபாய் கமிஷன் என்று கற்பனையாக வைத்துக்கொண்டால், கணக்கு தெளிவாகும். பெட்ரோல், மதிய உணவு, தேநீர், கைபேசி என நாளொன்றுக்கு 250 ரூபாய் கையிலிருந்து போனால், 25 வேலை நாள்களில் 6,250 ரூபாய் செலவாகிறது. மாதம் எட்டு விற்றவருக்கு 8,000 ரூபாய் கமிஷன் கிடைத்து, 1,750 ரூபாய் மிஞ்சும். விளம்பரம் சொன்ன வரம்புக்குள் வரும் 25,000 ரூபாய் கையில் நிற்க வேண்டுமானால் அவர் 32 விற்க வேண்டும். அதாவது ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் ஒன்றும், சில நாள்களில் இரண்டும். வாங்கியவர் திருப்பிக் கொடுத்தாலோ, தவணை கட்டாமல் விட்டாலோ கமிஷன் பிடித்தம் செய்யப்படும் என்ற விதி பெரும்பாலும் சேர்ந்த பிறகே தெரியவரும். எனவே 'நன்றாகச் செய்பவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள்' என்று கேட்பதில் பயன் குறைவு. ஒவ்வொரு நிறுவனத்திலும் காட்டுவதற்கென்று ஒருவர் இருப்பார். சென்ற ஆண்டு இதே பணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் இருக்கிறார்கள், அவர்களில் நடுவில் இருப்பவர் போன மாதம் எவ்வளவு பெற்றார் என்ற கேள்விதான் உண்மையைக் கொணரும்.

இவ்வகையில் தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது 'வங்கியில் வேலை' என்று அழைத்துக் காப்பீட்டு முகவராக்கும் வழக்கம். முகவர் என்பவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அவர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி தேர்வு எழுதி, நியமனம் பெற்று, விற்ற பாலிசிக்குக் கமிஷன் பெறுபவர். மதிப்பான தொழில்தான், பல குடும்பங்களைக் காத்த தொழிலும்கூட. ஆனால் மேலாளர் பதவி என்று வரச்சொல்லிவிட்டு, நேர்காணலில் அண்ணன், மாமா, பக்கத்து வீட்டார் என நூறு பேரின் பெயரும் எண்ணும் எழுதித் தரச் சொல்லும்போது, அங்கே எடைபோடப்படுவது விண்ணப்பதாரரின் திறமை அன்று, அவருடைய உறவு வட்டம். அவர் முதல் மாதம் சொந்தக்காரர்களிடம் விற்றுவிட்டு மூன்றாம் மாதம் ஓய்ந்து நின்றாலும் அழைத்தவருக்கு நட்டமில்லை.

மூன்றாம் வகைக்கு வரலாறு நீளமானது. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள் விற்ற காஸ்காட் இன்டர்பிளானட்டரி என்னும் நிறுவனம் பற்றிய வழக்கில், கூட்டாட்சி வணிக ஆணையம் 1975இல் ஓர் அளவுகோலை வகுத்தது: பணம் கொடுத்துச் சேருபவருக்குப் பொருள் விற்கும் உரிமையோடு, பிறரைச் சேர்ப்பதற்கான வெகுமதியும் கிடைத்து, அந்த வெகுமதி கடைசி நுகர்வோருக்கு நடந்த விற்பனையோடு தொடர்பற்றதாக இருந்தால் அது பிரமிடுத் திட்டம். 1979இல் ஆம்வே நிறுவனம் பற்றிய தீர்ப்பில் அதே ஆணையம், விற்காத சரக்கைத் திரும்பப் பெறுதல், வெளி வாடிக்கையாளருக்கு விற்றாக வேண்டும் என்பன போன்ற விதிகள் இருந்ததைக் காட்டி, அத்திட்டம் பிரமிடு அன்று என்று முடிவு செய்தது. பல அடுக்கு விற்பனை குறித்த விவாதங்களில் இவ்விரு தீர்ப்புகளும் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

இந்தியாவில் 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. உறுப்பினர் சேர்க்கையைப் பொறுத்துப் பணம் தருவதாக வாக்களித்து நடத்தப்படும் எளிதில் பணம் ஈட்டும் திட்டம் பணச் சுழற்சித் திட்டமாகும். இச்சட்டத்தில் பலரும் கவனிக்காத ஒரு கூறு உண்டு: நடத்துபவரை மட்டுமன்றி, உறுப்பினராகச் சேர்வதையும், வேறு வகையில் பங்கு கொள்வதையும், அதன்பொருட்டுப் பணம் வாங்குவதையும் அனுப்புவதையும் அது தடை செய்கிறது. தாம் கட்டிய 10,000 ரூபாயை மீட்க இரண்டு நண்பர்களைச் சேர்த்துவிட்ட இளைஞர், தம்மை ஏமாந்தவராக மட்டுமே கருதிக்கொண்டிருக்க, சட்டத்தின் கண்ணில் அவர் பங்காளியாகவும் தெரியக்கூடும். நுகர்வோர் விவகாரத் துறை 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நேரடி விற்பனையில் சேருபவரிடம் நுழைவுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ வாங்கக் கூடாது என்றன. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டத்தை வெளிப்படையாகத் தடை செய்து, விற்பவர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி ஒருவர் வீட்டுக்குச் செல்லக் கூடாது என்றும் விதித்தன. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழிற் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிடுத் திட்டங்களைக் குற்றமாக்குகிறது.

சட்டம் தேவைப்படாமலேயே கணக்கு இதை அம்பலப்படுத்திவிடும். ஒருவர் ஐவரைச் சேர்க்க, அந்த ஐவரும் தலைக்கு ஐவரைச் சேர்த்துக்கொண்டே போனால், பன்னிரண்டாம் படியில் மட்டும் 24 கோடியே 41 லட்சம் பேர் வேண்டும்; 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம்தான். எந்தப் படியில் அறுந்தாலும், அறுபடும் நேரத்தில் கடைசிப் படியில் இருப்பவர்களே மேலே உள்ள எல்லாரையும்விடத் தொகையில் மிகுந்திருப்பார்கள். 'டவுன்லைன்' என்று அழைக்கப்படும் கீழ்வரிசை தமக்குக் கீழே இன்னும் உருவாகவில்லை என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.

இவ்வகை அழைப்பில் நேர்காணல் நாள் நடக்கும் விதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுடையது. கல்யாண மண்டபத்தின் மாடியோ, வாடகைக்கு எடுத்த அரங்கமோ இடமாக இருக்கும். அழைத்துவந்தவர் பெரும்பாலும் பள்ளித் தோழராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார். 'நம்பி வாடா, வந்தபிறகு சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லியிருப்பார். தனித்தனியே பேசுவதற்குப் பதிலாக எல்லாரையும் ஒன்றாக அமர்த்தி, கோட்டு அணிந்த ஒருவர் மேடையில் தாம் பட்ட வறுமையையும் இப்போது வாங்கியிருக்கும் காரையும் விவரிப்பார். பொருளைப் பற்றிய பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிட, வருமானத்தைப் பற்றிய பேச்சு மணிக்கணக்கில் நீளும். இறுதியில் பயிற்சிக் கட்டணம், சீருடை, கிட், அறை அட்வான்ஸ் என ஏதேனும் ஒரு பெயரில் பணம் கேட்கப்படும். இன்றே கட்டினால்தான் இடம் உறுதி என்று சொல்லப்படும். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. நல்ல நிறுவனம் அசலைப் பார்த்துவிட்டு அப்போதே கையில் கொடுத்துவிடும். நகலே அதற்குப் போதும். வேலைக்கு வந்தவரிடம் பணம் வாங்குவதற்கு, எந்தப் பெயரில் வாங்கினாலும், நியாயமான காரணம் இருப்பது மிக அரிது. அந்தக் கட்டத்தில் எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

ஆவணங்களைச் சரிபார்ப்பது இன்று முன்னைவிட எளிது. கம்பெனிச் சட்டத்தின்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத்தாளில் பதிவு அலுவலக முகவரியையும் 21 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண்ணையும் அச்சிட வேண்டும். அந்த எண்ணுக்குள்ளேயே தொழில்வகை, மாநிலம், பதிவான ஆண்டு ஆகியவை அடங்கியிருக்கின்றன. 'இருபது ஆண்டு அனுபவம்' என்று சொல்லும் நிறுவனத்தின் எண்ணில் 2024 என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே பிறக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்தும் இலக்கமும் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானதாயின் 33 என்று தொடங்கும். இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது வருங்கால வைப்புநிதி அமைப்பின் இணையதளம்: நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அது ஒவ்வொரு மாதமும் எத்தனை ஊழியருக்குப் பி.எஃப். செலுத்தியது என்பதை யாரும் பார்க்கலாம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வைப்புநிதிச் சட்டம் பொருந்தும். மாநிலம் முழுவதும் ஐந்நூறு பேர் பணியாற்றுவதாக மேடையில் சொன்ன நிறுவனம் ஏழு பேருக்குச் செலுத்தியிருந்தால், மீதிப் பேர் உண்மையில் அதன் ஊழியர்கள்தானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பதிவு என்பது இருப்புக்குச் சான்றே அன்றி நேர்மைக்குச் சான்று அன்று. நேற்று பதிவு செய்து இன்று ஏமாற்றுவதற்குத் தடை ஏதுமில்லை. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரிலும் முத்திரையிலும் போலிக் கடிதம் அனுப்புவோரும் உள்ளனர். அத்தகைய கடிதம் வந்தால் அதில் உள்ள எண்ணை அழைக்காமல், நிறுவனத்தின் இணையதளத்தில் தாமே தேடி எடுத்த எண்ணை அழைத்துக் கேட்பதுதான் சரியான சோதனை.

காகிதத்தைவிட நம்பகமான சோதனை பேச்சில் இருக்கிறது. உண்மையான விற்பனை வேலையில் 'பீட்' என்ற ஒன்று உண்டு. எந்தக் கிழமை எந்தத் தெருக்களின் கடைகளுக்குச் செல்ல வேண்டும் என்னும் வழித்திட்டம் அது. சென்னை என்றால் திங்களன்று அமைந்தகரை, செவ்வாயன்று அரும்பாக்கம், ஒவ்வொரு நாளும் முப்பது நாற்பது கடை, அவற்றில் எத்தனை கடை ஆர்டர் தந்தது, சென்ற வார நிலுவை எவ்வளவு வசூலாயிற்று என்பதைக் கண்காணிக்கும் மேலாளர், கேட்டவுடன் இதையெல்லாம் அலுப்பில்லாமல் சொல்வார். அவருடைய நாள் முழுவதும் அதில்தான் கழிகிறது. எந்தக் கடைக்காரர் காலையில் பேசமாட்டார், எந்தப் பகுதியில் போட்டிக் கம்பெனி கடன் அதிகம் தருகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். சேருவதற்கு முன் ஒருநாள் பழைய விற்பனையாளரோடு சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு அனுப்புவார், ஏனெனில் இரண்டாம் வாரத்தில் ஓடிப்போகும் ஆளால் அவருக்கே நட்டம். ஆட்கள் வரவர லாபம் பார்க்கும் ஏற்பாட்டில் அந்தக் கவலை இல்லை; ஒருநாள் சுற்றிப் பார்க்கும் வேண்டுகோள் அங்கே 'உங்களிடம் நம்பிக்கை இல்லை, நெகட்டிவாக இருக்கிறீர்கள்' என்ற கண்டிப்பைத்தான் பெறும். கேள்வியையே குணக்கேடாக மாற்றிக் காட்டும் இடத்தில் நேர்மையான தொழிலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

தெளிவற்ற விற்பனை வேலை ஒன்று எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட எச்சரிக்கை சான்று. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' பதவி என்று சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் வழியாகவும் அழைக்கப்பட்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குள் சட்டத்துக்கு மாறாகக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைத்துவைக்கப்பட்டனர் என்று அது அறிவித்தது. அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் சென்னை திரும்பினர். அவர்கள் படித்தவர்கள்; கணினி அறிந்தவர்கள். பதவியின் பெயர் மட்டும் நீளமாக இருந்து, நிறுவனம் என்ன விற்கிறது என்பது சொல்லப்படாவிட்டால் அதுவே இங்கும் எச்சரிக்கை அடையாளம். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்; பதிவை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்; அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரோடு அதற்குமேல் பேச வேண்டிய தேவை எழுவதில்லை.

ஏமாந்தவர்களின் அறிவுக்குறைவே இவற்றுக்குக் காரணம் என்று பேசுவது பரவலாக இருந்தாலும், அது தவறான, இரக்கமற்ற முடிவு. கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்ட வீட்டில், 'இன்னும் வேலை கிடைக்கவில்லையா' என்று உறவினர் ஒவ்வொருவரும் கேட்கும் சூழலில், வேலை என்ற பெயரே ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைச் சொந்த நண்பனே கொண்டுவந்து தரும்போது கேள்வி கேட்பது நட்பைச் சந்தேகிப்பதாகத் தோன்றும். அந்த நண்பனும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை; தான் கட்டிய பணத்தை மீட்கும் ஒரே வழியாகத் தனக்குச் சொல்லித்தரப்பட்டதை அவன் நம்பிச் செய்கிறான். வெட்கத்தால் பலர் வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான் இத்தகைய திட்டங்கள் ஓர் ஊரில் முடிந்து அடுத்த ஊரில் தொடங்குவதற்கு வழி விடுகிறது.

பணம் கட்டிவிட்டவர் முதலில் செய்யத் தக்கது மேற்கொண்டு யாரையும் சேர்க்காமல் நிறுத்துவது; கட்டியதை மீட்க இன்னொருவரை அழைத்தால், பாதிக்கப்பட்டவர் என்ற அவருடைய நிலை வலுவிழக்கும். அடுத்தது சான்றுகளைப் பாதுகாப்பது. வாட்ஸப் உரையாடல்கள், ரசீது, பணம் அனுப்பிய யு.பி.ஐ. குறிப்பு எண், கூட்டத்தில் தந்த துண்டறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். குழுவிலிருந்து நீக்கப்படுவதற்கு முன்பே அவற்றைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. இணையவழிப் பணமாற்றம் என்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், ஏனெனில் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்பு எளிதாகும். பலரிடம் பணம் திரட்டிய நிறுவனம் என்றால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில், ஒரே திட்டத்தில் பணம் கட்டியவர்கள் சேர்ந்து புகார் அளிப்பது, ஒவ்வொருவரும் சிறு தொகைக்காகத் தனித்தனியே அலைவதைவிட வழக்கை வலுவாக்கும்.